பாசி எண்ணெய் ஏன் இன்னும் பெட்ரோல் பங்குக்கு வரவில்லை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கலாம், ஒரு ஹெக்டேரில் வருடத்துக்கு லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும், கார்பன் டை ஆக்சைடையும் அது உறிஞ்சிக்கொள்ளும் என்று நிறைய வீடியோக்களில் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் எந்தப் பங்கிலும் அது விற்கவில்லை. எண்ணெய் கம்பெனிகள் அமுக்கி வைத்திருக்கின்றனவா, பெட்ரோலுக்குப் பதிலாக இது எப்போது வரும், இந்தத் துறையை நம்பிப் படிக்கலாமா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்விகள் மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். செய்து காட்டிய ஒரு விஷயம் ஏன் கடைக்கு வரவில்லை? நான் உயிர்வேதிப் பொறியியல் படித்தவன், நுண்பாசி வளர்ப்பிலும் அறுவடையிலும் பல வருடம் வேலை பார்த்தவன். குளம், குழாய், சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம்) பற்றியெல்லாம் கைப்பழக்கத்தில் சொல்லுவேன். சுத்திகரிப்பு ஆலைக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்வது படித்தும் அந்தத் துறைக்காரர்களுடன் பேசியும் தெரிந்துகொண்டது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. பாசியிலிருந்து எடுத்த எரிபொருளில் இயந்திரம் ஓடும். 2008இல் சஃபையர் எனர்ஜி என்ற அமெரிக்க நிறுவனம் பாசியிலிருந்து 91 ஆக்டேன் பெட்ரோலே தயாரித்துக் காட்டியது. 2009 ஜனவரி 7 அன்று கான்டினென்டல் ஏர்லைன்ஸ் ஹூஸ்டனிலிருந்து ஒரு போயிங் 737ஐப் பறக்கவிட்டது, அதன் ஒரு எஞ்சினில் பாசி எண்ணெயும் காட்டாமணக்கு எண்ணெயும் கலந்த எரிபொருள், சாதாரண விமான எரிபொருளோடு பாதிக்குப் பாதி சேர்ந்து போனது. 2012இல் அமெரிக்கக் கடற்படை தன் போர்க்கப்பல்களையும் விமானங்களையும் பாசி எண்ணெய், பழைய சமையல் எண்ணெய் ஆகியவற்றிலிருந்து செய்த கலவையில் ஓட்டியது. ஆக எரியுமா, எஞ்சின் கெடுமா என்பது பழைய கேள்வி, அதற்குப் பதில் கிடைத்து வருடங்கள் ஆகிவிட்டன. எரிபொருளை ஒரு தடவை தயாரிப்பதற்கும் தினமும் லட்சக்கணக்கான பீப்பாய் தயாரிப்பதற்கும் நடுவில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டது பெட்ரோலைப் பற்றி. பாசிக்குள் இருக்கும் எண்ணெய், சமையல் எண்ணெயைப் போலவே, பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலங்களால் ஆனது. பெட்ரோலில் இருப்பவை ஏறக்குறைய 4 முதல் 12 கார்பன் வரையிலான மூலக்கூறுகள், டீசலில் இருப்பவை அதைவிட நீளமானவை. அதனால் பாசி எண்ணெய் இயல்பாகவே டீசல் பக்கமும் விமான எரிபொருள் பக்கமும் சாய்ந்தது. மெத்தனாலுடன் வினைபுரிய வைத்தால் பயோடீசல் வரும், ஹைட்ரஜன் ஏற்றினால் சாதாரண டீசலைப் போலவோ விமான எரிபொருளைப் போலவோ ஒன்று வரும். பெட்ரோல்தான் வேண்டும் என்றால் அந்த நீளச் சங்கிலிகளை உடைக்க வேண்டும், உடைக்கும்போது கொஞ்சம் வாயுவாக வீணாகும், ஹைட்ரஜனும் செலவாகும். விதிவிலக்கு ஒன்று உண்டு. போட்ரியோகாக்கஸ் பிரவுனி என்ற பாசி, கொழுப்புக்குப் பதில் நேரடியாகவே ஹைட்ரோகார்பனை (பெட்ரோலில் இருப்பது போல, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருளை) சுரந்து தன் செல்களுக்கு வெளியே தள்ளி வைக்கும். அதைச் சுத்திகரிப்பு ஆலை முறையில் உடைத்துப் பார்த்த 1982ஆம் ஆண்டு ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கு பெட்ரோலாகவே வந்தது. கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அது மகா சோம்பேறி. மற்ற பாசிகள் ஒரே நாளில் இரட்டிப்பாகும்போது இது நாட்கணக்கில் இழுக்கும், அதற்குள் வேகமாக வளரும் வேறு ஏதாவது பாசி குளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இது புது யோசனையும் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே, கழிவுநீரில் பாசி வளர்த்து அதிலிருந்து மீத்தேன் எடுக்கலாம் என்று வேலை செய்தவர். ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி வளைந்து ஓடும், துடுப்புச் சக்கரம் போட்ட ஆழமில்லாத குளங்களை இன்றும் எல்லோரும் கட்டுகிறார்கள் என்றால் அது அவரிடமிருந்து வந்தது. அப்புறம் எண்ணெய் நெருக்கடி. அமெரிக்க எரிசக்தித் துறை 1978இல் ஒரு பாசி எரிபொருள் திட்டத்தைத் தொடங்கி 1996 வரை நடத்தியது. சுமார் 3,000 வகைப் பாசிகளைச் சேகரித்தார்கள், வடிகட்டி 300 வாக்கில் கொண்டுவந்தார்கள், நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் ஆயிரம் சதுர மீட்டர் குளங்கள் போட்டு வெயிலில் வளர்த்துப் பார்த்தார்கள். 1998இல் வந்த அதன் இறுதி அறிக்கையைத்தான் இந்தத் துறைக்கு வருபவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்பேன். சில நல்ல நாட்களில் சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 50 கிராம் வரை உலர் பாசி கிடைத்திருக்கிறது, ஆனால் குளிர்காலத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 10 கிராம்தான். உற்பத்தித்திறனைப் பற்றித் தாராளமாக அனுமானித்துக் கணக்குப் போட்டும், அன்றைய டீசல் விலையைப் போல இரண்டு மடங்கு ஆகும் என்று அவர்களே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த 50க்கும் 10க்கும் உள்ள இடைவெளியில்தான் வீடியோக்கள் பிழைக்கின்றன. நீங்கள் சொன்ன லட்சம் லிட்டர் கணக்கின் வேர் பெரும்பாலும் யூசுஃப் சிஸ்டி என்ற ஆய்வாளர் 2007இல் எழுதிய கட்டுரைதான், அதில் ஹெக்டேருக்கு 1,36,900 லிட்டர் என்று ஒரு வரி இருக்கும். அது பாசியின் எடையில் 70 சதவீதம் எண்ணெய் என்று வைத்துப் போட்ட கணக்கு. அதே அட்டவணையில் 30 சதவீத எண்ணெய்க்கு 58,700 லிட்டர் என்றும் இருக்கிறது, அதை யாரும் வீடியோவில் போடுவதில்லை. 70 சதவீதக் கணக்கு நடக்க வேண்டுமானால் தினமும், மழை நாள் குளிர் நாள் பார்க்காமல், சதுர மீட்டருக்கு 48 கிராம் வளர வேண்டும், அதில் முக்கால்வாசி எண்ணெயாகவும் இருக்க வேண்டும். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 20 மெகாஜூல் வாக்கில் சூரிய ஆற்றல் விழும். மேலே சொன்ன விளைச்சல் என்றால் அதில் 7 சதவீதத்துக்கு மேல் பாசிக்குள் சேமிப்பாக வேண்டும். ஒளிச்சேர்க்கையின் கோட்பாட்டு உச்சமே 10 சதவீதத்தைச் சுற்றித்தான். குளத்தில் நடைமுறையில் கிடைப்பது 1 முதல் 3 சதவீதம். இதற்குக் காரணம் யாருடைய திறமைக்குறைவும் இல்லை. சூரிய ஒளியில் பாதிக்கு மேல் ஒளிச்சேர்க்கைக்கு உதவாத அலைநீளத்தில் இருக்கிறது, மீதியிலும் முழு வெயிலின் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டுவதற்குள் பாசிக்கு வயிறு நிரம்பிவிடுகிறது, மேற்கொண்டு விழும் வெளிச்சத்தை அது வெப்பமாக வெளியே தள்ளிவிடும். குளத்தின் மேல்பரப்பில் இருக்கும் செல்கள் வெளிச்சம் அதிகமாகித் திணறும்போது ஒரு சாண் கீழே இருப்பவை இருட்டில் கிடக்கும்.

சரி, நியாயமான எண்ணை வைத்துப் பார்ப்போம். வருடச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 25 கிராம், அதில் 25 சதவீதம் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவே இன்றைக்கும் நல்ல குழுக்கள் எட்டிப் பிடிக்க நினைக்கும் இலக்கு. ஹெக்டேருக்கு வருடம் 23 டன் எண்ணெய், சுமார் 25,000 லிட்டர். ராஸ்வெல்லின் 10 கிராம் சராசரி என்றால் 9 டன். எண்ணெய்ப் பனை சராசரியாக ஹெக்டேருக்கு 3 முதல் 4 டன் தருகிறது, சோயா அரை டன்னைச் சுற்றி. ஆகப் பாசி நிலப் பயிர்களைவிட மேல் என்பது உண்மைதான், அதை மறுக்க வேண்டியதில்லை. விளைநிலம் வேண்டாம், உப்புநீரிலும் வளரும் என்பதும் உண்மை. ஆனால் பனைக்கு மழை பெய்தால் போதும், பழம் மரத்திலேயே திரண்டு நிற்கும். பாசிக்குக் குளம் கட்ட வேண்டும், அடியில் தாள் விரிக்க வேண்டும், ராத்திரி பகல் கலக்க வேண்டும், வாயு ஊத வேண்டும், கடைசியில் தண்ணீருக்குள்ளிருந்து பிடிக்கவும் வேண்டும்.

அந்தப் பிடிக்கும் வேலைதான் என் பிழைப்பாக இருந்தது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். திறந்த குளத்தில் நன்றாக வளர்ந்த பாசி, பார்க்கப் பச்சைப் பெயின்ட் மாதிரி இருக்கும். அளந்தால் லிட்டருக்கு அரை கிராம். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் மாவைக் கரைத்துவிட்டு அந்த மாவை மட்டும் திரும்ப எடுத்துக் கொடு என்று கேட்பதற்குச் சமம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 4 கிலோ பாசி வேண்டும், 4 கிலோ பாசிக்கு 8,000 லிட்டர் தண்ணீரைக் கையாள வேண்டும். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி குளத்துக்கே திரும்பப் போகும், காலியாகிவிடாது, ஆனாலும் பம்ப் செய்தாக வேண்டும் அல்லவா. செல் ஒவ்வொன்றும் சில மைக்ரான் அளவு, மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம், அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும், லேசில் படியாது. படிகாரம் மாதிரி ஏதாவது போட்டுத் திரட்டலாம், ஆனால் அது பாசியோடு சேர்ந்து வந்து பின்னால் தொந்தரவு கொடுக்கும். சவ்வு வடிகட்டி போட்டால் அடைத்துக்கொள்ளும். நேரடியாக சென்ட்ரிஃபியூஜில் போட்டால் அருமையாகப் பிரியும், மின்கட்டணத்தைப் பார்த்ததும் அருமை போய்விடும். கடைசியில் எல்லோரும் இரண்டு மூன்று கட்டமாகத்தான் செய்கிறார்கள். முதலில் படியவிட்டோ மிதக்கவிட்டோ அடர்த்தியாக்குவது, அப்புறம் மிச்சத்தை மட்டும் சென்ட்ரிஃபியூஜில் விடுவது.

அவ்வளவும் செய்து கையில் கிடைப்பது 20 சதவீதம் திடப்பொருள் உள்ள பச்சைக் களி. அதாவது ஒரு கிலோ உலர் பாசியோடு 4 கிலோ தண்ணீர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க இரண்டரை மெகாஜூல் வேண்டும். 4 கிலோவுக்குப் 10 மெகாஜூல். அந்த ஒரு கிலோ பாசிக்குள் இருக்கும் கால் கிலோ எண்ணெயில் உள்ள ஆற்றல் 9 மெகாஜூல். உலர்த்துவதற்கே எண்ணெயில் இருப்பதைவிட அதிகம் போய்விட்டது, இன்னும் செல்லை உடைக்கவில்லை, எண்ணெயைப் பிரிக்கவில்லை. வெயிலில் உலர்த்தலாமே என்று கேட்பீர்கள். உலர்த்தலாம், அதற்கு இன்னொரு மடங்கு இடம் வேண்டும், எண்ணெயும் காற்றுப்பட்டுக் கெடும். இதனால்தான் இப்போது விவரம் தெரிந்தவர்கள் யாரும் உலர்த்துவதைப் பற்றியே பேசுவதில்லை. ஈரக் களியை அப்படியே 300 முதல் 350 டிகிரி வெப்பத்தில், தண்ணீர் கொதித்துவிடாத அளவுக்கு அழுத்தம் கொடுத்து, கச்சா எண்ணெய் மாதிரி ஒரு கறுப்புத் திரவமாக மாற்றுவதைத்தான் பேசுகிறார்கள். 2013இல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகம் இதை இடைவிடாமல் ஓடும் முறையில் ஒரு மணி நேரத்துக்குள் செய்து காட்டியது. என் கணிப்பில் இந்தத் துறையில் நடந்த உருப்படியான முன்னேற்றம் இதுதான். எண்ணெய் மட்டுமில்லாமல் புரதமும் மாவுச்சத்தும்கூடக் கொஞ்சம் எரிபொருளாக மாறும். ஆனால் புரதத்திலிருந்த நைட்ரஜன் அந்தத் திரவத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், பல சதவீதம் இருக்கும், சாதாரணக் கச்சா எண்ணெயில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதை நீக்க ஹைட்ரஜன் வேண்டும், ஆலையின் வினையூக்கிகளுக்கும் அது ஆகாது. சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள் இதைச் சொல்லும்போது முகத்தைச் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் சதவீதத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடாதா என்ற யோசனை எல்லோருக்கும் முதலில் வரும். கூட்டலாம், மிகச் சுலபம். குளத்தில் நைட்ரஜன் உரத்தை நிறுத்தினால் போதும், பாசி பட்டினிக்குத் தயாராவதுபோலக் கொழுப்பைச் சேர்க்க ஆரம்பிக்கும், 50 சதவீதத்தைத் தாண்டும் வகைகள்கூட உண்டு. ஆனால் நைட்ரஜன் இல்லாமல் புரதம் செய்ய முடியாது, புரதம் இல்லாமல் செல் பிரியாது, வளர்ச்சி நின்றுவிடும். சதவீதம் ஏறுகிறது, ஒரு நாளைக்குக் கிடைக்கும் மொத்த எண்ணெய் ஏறுவதில்லை, பல சமயம் இறங்குகிறது. மரபணுவைத் திருத்தி இதை ஏமாற்ற 1990களிலேயே முயன்றார்கள். கொழுப்பு உற்பத்திக்கு முக்கியமான ஒரு நொதியின் மரபணுவை டயட்டம் என்ற பாசி வகையில் கூடுதலாகச் செருகினார்கள், நொதி கூடியது, எண்ணெய் கூடவில்லை. 2017இல் எக்ஸான்மொபிலும் சிந்தெடிக் ஜீனோமிக்ஸும் நானோகுளோராப்சிஸ் என்ற பாசியில் ஒரு கட்டுப்பாட்டு மரபணுவை அடக்கி, வளர்ச்சி பெரிதாகக் குறையாமல் எண்ணெய்ப் பங்கை 20லிருந்து 40 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனதாக வெளியிட்டார்கள். அது நிஜமான சாதனை, நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த மாதிரித் திருத்திய பாசி, திறந்த குளத்தில், மாதக்கணக்கில், காட்டுப் பாசிகளின் போட்டிக்கு நடுவே அதே குணத்தோடு நிற்குமா என்பதுதான் சந்தேகத்துக்குரிய இடம்.

திறந்த குளம் என்றால் என்ன என்று தெரியாதவர்கள்தான் ஆய்வக எண்ணை ஹெக்டேரால் பெருக்குவார்கள். ரோட்டிஃபர் என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது, பாசிதான் அதற்குச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடர்பச்சையாக இருந்த குளம் திங்கட்கிழமை காலையில் கலங்கிய தேநீர் நிறத்தில் நுரைத்துக் கிடக்கும். அது தவிரப் பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ். ஸ்பைருலினாவும் டூனாலியெல்லாவும் பல பத்தாண்டுகளாக வியாபாரமாக வளர்க்கப்படுகின்றன என்றால், முதலாவது கடும் காரநீரிலும் இரண்டாவது கடும் உப்புநீரிலும் வாழ்பவை, மற்றவை அங்கே நுழைய முடியாது, அதுதான் ரகசியம். எண்ணெய்ப் பாசிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கோட்டை கிடையாது. மூடிய கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தால் தொற்று குறையும், அடர்த்தியும் கூடும். ஆனால் குளத்தைவிடப் பல மடங்கு முதலீடு, வெயிலில் சூடேறினால் குளிர்விக்க வேண்டும், உள்ளே சேரும் ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும், சுவரில் ஒட்டும் பாசியைக் கழுவ வேண்டும். கிலோ ஆயிரக்கணக்கில் டாலர் விற்கும் அஸ்டாசாந்தின் நிறமிக்கு இந்தச் செலவு தாங்கும். கிலோ ஒரு டாலர் சொச்சம் விற்கும் எரிபொருளுக்குத் தாங்காது.

உரத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கான 4 கிலோ பாசியில் கால் கிலோவுக்கும் சற்று மேலாகவே நைட்ரஜன் இருக்கும், அதைத் தொழிற்சாலையில் தயாரிக்கச் செலவாகும் ஆற்றல் அந்த எண்ணெயில் கிடைப்பதில் 30 சதவீதம் வாக்கில். கார்பன் டை ஆக்சைடு 7 கிலோ வேண்டும், காற்றிலிருந்து தானாகக் கரைந்து வரும் அளவு அதற்குப் போதாது, அனல்மின் நிலையமோ சிமென்ட் ஆலையோ பக்கத்தில் இருக்க வேண்டும், இருந்தாலும் பாசி பகலில் மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். அந்தக் கார்பனும் வண்டியில் எரிந்ததும் காற்றுக்கே போய்விடும், ஆக உறிஞ்சிக்கொள்கிறது என்பதை ஒரு தடவை மறுபயன்பாடு என்று புரிந்துகொள்வது சரி. 2012இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இதையெல்லாம் கூட்டிப் பார்த்தது. அந்த நாட்டின் போக்குவரத்து எரிபொருளில் வெறும் 5 சதவீதத்தை அன்றைய முறைகளில் பாசியிலிருந்து எடுக்க, நாடு முழுக்கப் பயன்படும் நைட்ரஜனில் 44 முதல் 107 சதவீதம் தேவைப்படலாம் என்றார்கள். உரத்தை மறுசுழற்சி செய்தால், கழிவுநீரைப் பயன்படுத்தினால் இது வெகுவாகக் குறையும், அதையும் அந்த அறிக்கையே சொல்கிறது. கழிவுநீரில் வளர்ப்பது வேலைக்கு ஆகிற வழிதான். ஆனால் அங்கே வருமானம் தண்ணீர் சுத்தமாவதில் இருக்கிறது, எரிபொருள் உபரி, அளவும் ஊரின் கழிவுநீர் எவ்வளவோ அவ்வளவுதான்.

இப்போது அமுக்கிவிட்டார்கள் என்ற விஷயத்துக்கு வருவோம். எக்ஸான்மொபில் 2009இல் 60 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்து, மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் சிந்தெடிக் ஜீனோமிக்ஸோடு சேர்ந்தது, விளம்பரமும் வருடக்கணக்கில் ஓடியது, 2025க்குள் தினம் 10,000 பீப்பாய் தயாரிக்கும் திறன் வரும் என்றார்கள், 2023 தொடக்கத்தில் பணத்தை நிறுத்திவிட்ட செய்தி வந்தது. ஷெல் ஹவாயில் ஒரு கூட்டு முயற்சியில் இறங்கி 2011இல் விலகியது. நான் எண்ணெய் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. விளம்பரத்துக்காகவாவது பாசியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கலாம். ஆனால் எண்ணெய் கம்பெனிகளுக்குச் சம்பந்தமே இல்லாத நிறுவனங்களும் இதே சுவரில்தான் மோதின. எம்ஐடி விஞ்ஞானியை வைத்துத் தொடங்கிய கிரீன்ஃபியூயல் 2009இல் மூடியது. 2008இல் பெட்ரோல் காட்டிய அதே சஃபையர், பில் கேட்ஸின் முதலீடும் அரசுப் பணமும் கிடைத்து, நியூ மெக்சிகோவில் பெரிய பண்ணையே போட்டது, 2017இல் கைமாறிப் போனது.

கடற்படைக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அடிக்கடி தவறாக மேற்கோள் காட்டப்படுவது அது. சோலசைம் என்ற நிறுவனத்திடமிருந்து 20,055 காலன் பாசி எரிபொருளை அமெரிக்கக் கடற்படை 85 லட்சம் டாலருக்கு வாங்கியது, காலன் 424 டாலர் ஆகிறது. அது ஆராய்ச்சி ஒப்பந்தம், சந்தை விலை இல்லை, 2012 ஒத்திகைக்கான கலவை காலன் 26 டாலர் வாக்கில் இறங்கிவிட்டது. இதைவிட முக்கியம், சோலசைமின் பாசி வெயிலையே பார்த்ததில்லை. இரும்புத் தொட்டியில், இருட்டில், சர்க்கரை கொடுத்து வளர்த்தது. சர்க்கரை கரும்பிலிருந்தும் சோளத்திலிருந்தும் வந்தால் நிலம் வேண்டாம் என்ற வாதமே போய்விட்டது. அந்த நிறுவனம் பின்னால் பெயரை டெர்ராவியா என்று மாற்றி, உணவு எண்ணெய்க்குத் திரும்பி, 2017இல் திவாலானது.

மதிப்புமிக்க துணைப்பொருள் விற்றுச் சமாளிக்கலாம் என்பார்கள். சிறிய அளவில் சரி. உலகம் முழுக்க இன்று நுண்பாசி வருடத்துக்குச் சில பத்தாயிரம் டன் உலர்எடைதான் விளைகிறது. உலகம் ஒரு நாளைக்குக் குடிக்கும் எண்ணெய் 10 கோடி பீப்பாய், அதாவது ஒரு கோடி டன்னுக்கு மேல். அந்த வருடப் பாசி முழுவதும் எண்ணெயாகவே இருந்தாலும் பத்து நிமிடத்துக்குக் காணாது. இந்த அளவுக்கு எரிபொருள் தயாரித்துவிட்டு மிச்சத்தில் நிறமி எடுத்து விற்கப் போனால் முதல் வாரத்திலேயே நிறமிச் சந்தை கவிழ்ந்துவிடும். கால்நடைத் தீவனமும் மீன் தீவனமும் மட்டும்தான் அந்த அளவைத் தாங்கக்கூடிய சந்தைகள், அவற்றின் விலையோ குறைவு.

ஆக உங்கள் நேரான கேள்விக்கு என் நேரான பதில்: கார்களில் பெட்ரோலுக்குப் பதிலாகப் பாசி எரிபொருள் வராது என்றே நினைக்கிறேன். காரணம் இன்னொரு வழி குறுக்கே வந்துவிட்டது. அதே ஒரு சதுர மீட்டரில் 20 சதவீதத் திறனுள்ள சோலார் தகடு வைத்தால் நாளுக்கு 4 மெகாஜூல் மின்சாரம், மின்காரில் அதில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகும். நான் மேலே சொன்ன 25 கிராம் பாசியின் எண்ணெயில் இருப்பது கால் மெகாஜூலுக்கும் குறைவு, பெட்ரோல் எஞ்சினில் அதிலும் கால்வாசிதான் சக்கரத்துக்கு. ஐம்பது மடங்கு வித்தியாசம், அதுவும் அறுவடைச் செலவைக் கழிக்காமல். நீண்ட தூர விமானத்துக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது, பேட்டரியின் எடை அங்கே இடிக்கும். 2020இல் போட்ரியோகாக்கஸ் ஹைட்ரோகார்பனிலிருந்து செய்த விமான எரிபொருளை 10 சதவீதம் வரை கலக்க அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் அனுமதி கொடுத்தது, ஜப்பானின் ஐஎச்ஐ நிறுவனம் அதற்குப் பின்னால் இருந்தது. அந்தப் பக்கம் கதவு திறந்திருக்கிறது. விலை இறங்குமா என்பது உறுதியில்லை, பழைய சமையல் எண்ணெயோடும் விவசாயக் கழிவோடும் போட்டி போட வேண்டும்.

படிப்பதைப் பற்றி: பாசி எரிபொருள் என்று மட்டும் பெயர் வைத்த படிப்புக்குப் போகாதீர்கள். உயிர்வேதிப் பொறியியலோ வேதிப் பொறியியலோ படித்து, பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தில் கை வையுங்கள். தண்ணீரிலிருந்து மிகச் சிறிய பொருளைக் குறைந்த ஆற்றலில் பிரிக்கத் தெரிந்தவருக்கு மருந்து, உணவு, கழிவுநீர் எல்லா இடத்திலும் வேலை உண்டு, பாசி ஒருநாள் வந்தால் அங்கேயும் உண்டு. அடுத்த வீடியோவில் புதுச் சாதனை என்று யாராவது சொன்னால் மூன்றைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது வருடச் சராசரியா, நல்ல வாரத்தின் எண்ணா. வளர்த்தது வெளியிலா, ஆய்வகக் குடுவையிலா. அறுவடைக்கும் உரத்துக்கும் போன ஆற்றலைக் கழித்த பிறகு மிஞ்சியது எவ்வளவு. மூன்றாவது எண் கொடுக்கப்பட்டிருந்தால் இணைப்பை எனக்கும் அனுப்புங்கள், ஆர்வமாகப் படிப்பேன்.